குழந்தைக்குதான் பார்வை கம்மி, எங்களுக்கு எதுக்கு ட்ரெயினிங்?

கேள்வி: டாக்டர், நாங்க பாலக்கோடு பக்கம். பையனுக்கு 14 மாசம். விழித்திரையில பிரச்சனை, வெளிச்சம் மட்டும்தான் தெரியும், கண்ணாடி ஆபரேஷன் எதுவும் உதவாதுன்னுட்டாங்க. இன்னும் தவழல. பொம்மை குடுத்தா கைய இழுத்துக்கறான், எப்பவும் கண்ணை அமுத்திக்கிட்டே இருக்கான். மாமியார் இடுப்ப விட்டு இறக்கவே விடமாட்டாங்க. இப்ப அவனுக்கு தெரபி குடுக்கற இடத்துல பெத்தவங்களும் வாராவாரம் ட்ரெயினிங் வரணுமாம். வீட்டுக்காரருக்கு ஓசூர்ல கம்பெனி வேலை, லீவு போட்டா சம்பளம் புடிப்பாங்க. நாங்க எதுக்கு?

பதில்: நீங்கதாம்மா முக்கியமா போகணும். தெரபிஸ்ட் வாரத்துல ஒரு மணி நேரம் பாப்பாங்க, மிச்ச நேரமெல்லாம் அவன் உங்க கையிலதானே இருக்கான், அவங்க அங்க செய்யறத நீங்க கத்துக்கிட்டு குளிக்க வைக்கும்போது, சோறு ஊட்டும்போது செஞ்சாதான் பலன்.

மத்த குழந்தைங்க எதிர்ல ஏதோ ஒண்ணு தெரியுது, அத எடுக்கணும்ங்கற ஆசையிலதான் நகருதுங்க. இவனுக்கு எதிர்ல ஒண்ணும் தெரியல, சத்தம் வர்ற இடத்துல ஒரு பொருள் இருக்குங்கறது பார்வை இல்லாத குழந்தைக்கு புரியவே ஒரு வயசு ஒட்டி ஆயிடும், அதனால தவழ்றது லேட்டாகறது சகஜம்தான். ஆனாலும் குழந்தை டாக்டர்கிட்ட ஒருவாட்டி காட்டிடுங்க. இடுப்புலயே வச்சிருந்தா இன்னும் லேட்டாகும். பாய் விரிச்சு குப்புற போடுங்க, கைக்கு எட்டற தூரத்துல சொம்பு, கரண்டி, கொஞ்சம் ராகி போட்டு இறுக்கி மூடின டப்பா வச்சு தட்டி காட்டுங்க. டிவிய ஆஃப் பண்ணிடுங்க, அது ஓடிட்டே இருந்தா எந்த சத்தம் எதோடதுன்னு அவனுக்கு பிரிக்க தெரியாது.

பொம்மை திடீர்னு கையில பட்டா அவன் பயப்படத்தான் செய்வான். முதல்ல பேர சொல்லி கூப்பிடுங்க, என்ன குடுக்கறீங்கன்னு சொல்லுங்க. அவன் கைய புடிச்சு இழுத்து பொருள் மேல வைக்காதீங்க, உங்க கைய பொருள் மேல வச்சு அவன் கைய உங்க கை மேல விடுங்க, அப்புறம் மெதுவா உங்க விரல விலக்குங்க, அவனே தொட்டு பாப்பான். நீங்க பேசும்போது சில நேரம் அசையாம அப்படியே இருப்பான், கண்டுக்கலன்னு நினைச்சு பேச்ச நிறுத்திடாதீங்க, காது குடுத்து கேட்டுட்டு இருக்கான். அவன் விரல பாருங்க, சந்தோஷம் அங்கதான் தெரியும்.

கண்ணை அமுத்தறது விழித்திரை பிரச்சனை இருக்கற குழந்தைங்க நிறைய பேர் செய்யறதுதான். அமுத்தினா உள்ள வெளிச்சம் மாதிரி தெரியும். ரொம்ப நாள் அமுத்திக்கிட்டே இருந்தா கண்ணு உள்ள போயிடலாம், அதுக்காக அடிக்காதீங்க, ரெண்டு கைக்கும் வேலை குடுங்க.

சொந்தத்துல கல்யாணமான்னு நீங்க எழுதல. நம்ம பக்கம் அது ஜாஸ்திங்கறதால கேக்கறேன், விழித்திரை பிரச்சனை சிலது பரம்பரையா வரும், அடுத்த குழந்தைக்கு முன்னாடி மரபணு ஆலோசனை கேட்டுடுங்க. யார் மேலயும் பழி போட இல்ல.

தர்மபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில டிஇஐசி எங்கன்னு கேளுங்க, ஆறு வயசு வரைக்கும் குழந்தைங்களுக்கான ஆரம்பகால சிகிச்சை மையம், கவர்மென்ட்டோடது, பணம் கட்ட வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை, யூடிஐடி கார்டு, அதுக்கும் இப்பவே அப்ளை பண்ணிடுங்க. வீட்டுக்காரர் வாராவாரம் வர முடியலன்னா வார லீவுல அவர்கிட்ட குழந்தைய குடுத்து நீங்க கத்துக்கிட்டத செய்ய சொல்லுங்க. ட்ரெயினிங்குக்கு மாமியார கூட்டிட்டு போங்க, கீழ இறக்கி விடுங்கன்னு நீங்க சொன்னா கேக்காதவங்க அங்க மத்த குழந்தைங்க பாய்ல உருண்டு விளையாடறத பாத்தா ஒத்துக்குவாங்க.