கிறிஸ்டல்ஸ் பாடி, அப்புறம் வாபஸ் வாங்கப்பட்ட அந்தப் பாட்டு: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

கேள்வி: அக்கா, 'ஹி ஹிட் மி'ன்னு ஒரு பழைய பாட்டு, தலைப்பே திக்குனு இருக்கு, நிஜமாவே அடிக்கிறதைப் பத்தின பாட்டா?

பதில்: ஆமாம்பா, தலைப்பு முழுசா சொன்னா அவன் அடிச்சான், அது முத்தம் மாதிரி இருந்துச்சுன்னு வரும். 1962ல நியூயார்க் புரூக்ளின் பொண்ணுங்க சேர்ந்த கிறிஸ்டல்ஸ்ங்கிற பாட்டுக் குழு பாடினது, தயாரிப்பு ஃபில் ஸ்பெக்டர். எழுதினது ஜெரி காஃபின், கேரல் கிங், அப்போ புருஷன் பொண்டாட்டி. அவங்க வீட்ல குழந்தையைப் பாத்துக்க ஈவா பாய்ட்னு நார்த் கரோலினா பொண்ணு ஒண்ணு இருந்துச்சு, பின்னாடி லிட்டில் ஈவான்னு பேர் வாங்கி 'தி லோகோ-மோஷன்' பாடினதே அவதான். ஒரு நாள் அடிபட்ட காயத்தோட வந்து நிக்கிறா, என்னாச்சுன்னு கேட்டா பாய்ஃபிரெண்ட் அடிச்சான்னு சொல்றா, ஏன்மா அவனை அடிக்க விட்டேன்னு கேட்டா, என் மேல உள்ள பிரியத்துலதான்னு சொல்லிருக்கா. நம்ம ஊர்ல அடிக்கிற கைதான் அணைக்கும்னு சொல்லி எத்தனை பொண்ணுங்களை சமாதானப்படுத்தி அனுப்பிருக்காங்க, அதே பேச்சுதான், எனக்கு அதைப் படிச்சப்ப நெஞ்சு அடைச்சுப்போச்சு. அவ சொன்ன அந்தப் பேச்சுதான் பாட்டாச்சு.

கேள்வி: அப்போ அது அடிக்கிறதை ஆதரிக்கிற பாட்டா, எதிர்க்கிற பாட்டா?

பதில்: ஹெட்போன் போட்டு கேளுங்க. ஆரம்பத்துல மெதுவா கனமா ஒரு தாளம், யாரோ மாடிப்படி ஏறி வர்ற மாதிரி, மேல அந்தப் பொண்ணோட குரல் ரொம்ப அடக்கமா வரும், போகப்போக வயலின்லாம் கல்யாண மண்டபம் மாதிரி பொங்கும். வார்த்தை காதல்னு சொல்லுது, இசை பயமா இருக்கு. என்னைப் பொறுத்தவரை அந்தப் பொண்ணு நம்பினதை அப்படியே காட்டுற பாட்டு. ஆனா ரேடியோல கேட்டவங்க புகார் பண்ணினாங்க, அதுவும் நியாயம்தான், ரெக்கார்டையே வாபஸ் வாங்கிட்டாங்க. கேரல் கிங்கும் பின்னாடி இதுல பங்கெடுத்திருக்க வேணாம்னு வருத்தப்பட்டாங்க.

கேள்வி: பாடின பொண்ணுங்க என்ன சொன்னாங்க மேடம்?

பதில்: யாருக்கும் பிடிக்கலை. லீட் பாடின பார்பரா ஆல்ஸ்டனே சொல்லிருக்காங்க. ஆனா அந்தக் காலத்துல பாட்டைத் தேர்ந்தெடுக்கிறது, டேக் ஓகே பண்றது எல்லாமே ஸ்பெக்டர், பாடுறவங்க பேச்சு எடுபடாது.

கேள்வி: கிறிஸ்டல்ஸ் பேர்ல வந்த 'ஹிஸ் எ ரெபல்' பாட்டை அவங்க பாடலையாமே?

பதில்: ஆமா, அவங்க பாடலை. அடுத்த ரெக்கார்டே அதுதான். கிறிஸ்டல்ஸ் நியூயார்க் பக்கம், ஸ்பெக்டர் லாஸ் ஏஞ்சலஸ்ல, வேற ஒரு பாடகி அதே பாட்டை ரெக்கார்ட் பண்றாங்கன்னு அவசரம், அங்க இருந்த பாடகி டார்லீன் லவ்வையும் அவங்களோட பிளாசம்ஸ் குழுவையும் வெச்சு பாட வெச்சுட்டு லேபிள்ல கிறிஸ்டல்ஸ்னு போட்டுட்டாங்க. 1962 நவம்பர்ல நம்பர் 1. பாடினவங்க பேர் லேபிள்ல இல்ல, பேர் இருக்கிறவங்க பாட்டுல இல்ல! மேடையில கிறிஸ்டல்ஸ் தாங்க ரெக்கார்ட்ல பாடாத பாட்டுக்கு நிக்கணும், இதுதான் எனக்கு இன்னும் ஆறல.

கேள்வி: பார்பரா குரலை வேற எதுல கேக்கலாம் அக்கா?

பதில்: 'அப்டவுன்' கேளுங்க, அதே 1962தான். பகல் பூரா வேலையில ஒண்ணுமில்லாதவனா நடத்தப்பட்ட ஒருத்தன் சாயங்காலம் வீட்டுக்கு வர்றான், இவ அவனை ராஜா மாதிரி பாக்குறா. அதை முதல்ல கேட்டுட்டு அப்புறம் 'ஹி ஹிட் மி'க்கு வாங்க.