பதின்ம வயதினருக்கான வெளிநாட்டுச் சேவை, சாகசப் பயணம் என்றால் என்ன? சேவைக்கு ஏன் பணம் கட்ட வேண்டும்?

பள்ளி வயதுப் பிள்ளைகள் பெற்றோர் இல்லாமல், பொறுப்பாளர்கள் துணையோடு குழுவாக வெளிநாடு போய், சில நாள் ஊர்மக்களோடு வேலை செய்துவிட்டு, மீதி நாளில் மலையேற்றம், படகோட்டம் என்று சுற்றிவரும் ஏற்பாடு இது. கட்டணம் பெரும்பாலும் தங்குமிடம், சாப்பாடு, வழிகாட்டி, காப்பீடு இவற்றுக்குத்தான் போகிறது.

இரண்டையும் ஏன் சேர்க்கிறார்கள்? ஊர் சுற்றினால் மட்டும் அந்த ஊர் மனிதர்கள் பழக்கமாவதில்லை. கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவரைவிட, பந்தியில் இலை போட்டுப் பரிமாறியவருக்குத்தானே அந்த வீட்டு ஆட்கள் நாலு பேரைத் தெரியும்?

ஆனால் என்ன சேவை என்று பாருங்கள். கோஸ்டா ரிகாவில் கடலாமை முட்டைகளைக் காக்கும் வேலை நல்லது. அனாதை இல்லத்தில் பத்து நாள் குழந்தைகளோடு விளையாடும் திட்டம் வேண்டவே வேண்டாம். ஒட்டிக்கொண்ட குழந்தையைப் பாதியில் விட்டுவிட்டு வருவது கொடுமை. கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் குழந்தைகள் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள்.

சென்னைப் பிள்ளைகள் முதலில் உள்ளூரில் முயன்று பார்க்கலாம். 1988 முதல் மாணவத் தன்னார்வலர்கள் முட்டையிடும் பருவத்தில் நீலாங்கரை, பெசன்ட் நகர் கரையோரம் இரவில் நடக்கிறார்கள். மணலில் ஆமைத் தடத்தைப் பார்த்துக் குழியைக் கண்டுபிடித்து, பங்குனி ஆமை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். கோஸ்டா ரிகாவின் ஓஸ்டியோனல் கரைக்குக் கூட்டமாக வருவதும் இதே இனம்தான்.

அப்புறம், இந்தப் பயணச் சான்றிதழ் இருந்தால் வெளிநாட்டுக் கல்லூரியில் இடம் உறுதி என்று பல பெற்றோர் நம்புகிறார்கள். அப்படி எந்த உறுதியும் கிடையாது.