மணமூட்டிய தேநீரும் மலர்த் தேநீரும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மணமூட்டிய தேயிலையையும் உலர்ந்த மலர்களையும் கொண்டு வீட்டில் தேநீர் தயாரித்துச் சுவைப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தேர்ந்து இங்கே பதில் அளித்திருக்கிறேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் அவற்றை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: மல்லிகைத் தேயிலை டப்பாவைத் திறந்தவுடன் மணம் ஆளைத் தூக்குகிறது. ஆனால் தேநீராக்கிக் குடிக்கும்போது அந்த மணம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கிறது, கசப்புதான் மிஞ்சுகிறது. தேயிலை மட்டமானதா, அல்லது எங்கள் கைப்பக்குவத்தில் குறையா?

பதில்: இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் தேயிலையைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீரின் சூட்டைக் கவனியுங்கள். மல்லிகைத் தேநீருக்குப் பெரும்பாலும் பச்சைத் தேயிலையே அடிப்படை. கேட்டகின்கள் எனப்படும், கசப்பும் துவர்ப்பும் தரும் பொருள்கள் பச்சைத் தேயிலையில் மிகுதி; தண்ணீரின் சூடு ஏற ஏற அவை விரைவாகவும் நிறையவும் இறங்கும். தளதளவென்று கொதிக்கும் நீரை ஊற்றி ஐந்து நிமிடம் விட்டுவிட்டால், வாய் முழுவதும் துவர்ப்பு ஏறிவிடும். அதன் பிறகு பூவின் மணம் இருந்தும் நமக்கு எட்டாது. 200 மில்லி நீருக்கு 2 முதல் 3 கிராம் தேயிலை, 75 முதல் 80 டிகிரி செல்சியஸ் சூடு, 2 முதல் 3 நிமிடம் என்ற கணக்கில் தொடங்கி, பிறகு உங்கள் நாவுக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். வெப்பமானி இல்லாதவர்கள், ஒரு பங்கு சாதாரணத் தண்ணீரைப் பாத்திரத்தில் முதலில் ஊற்றி, அதன்மேல் நான்கு பங்கு கொதிநீரைச் சேர்த்தால், பாத்திரம் இழுத்துக்கொள்ளும் சூடும் போக ஏறக்குறைய இந்த அளவுக்கு வந்துவிடும்.

மணத்தைப் பற்றி இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, உமாமி (காளான், இறைச்சிச் சாறு போன்றவற்றில் தெரியும் சுவை) என்ற ஐந்தைத்தான் நாக்கு சுவையாக அறிகிறது. அறுசுவையில் ஒன்றாக நாம் எண்ணும் துவர்ப்பைக் கூட இன்றைய அறிவியல் தொடு உணர்வாகவே கொள்கிறது. கேட்டகின்கள் உள்ளிட்ட, தேயிலையின் பாலிஃபீனால்கள் என்னும் பொருள்கள் எச்சிலில் உள்ள புரதங்களோடு பிணைவதால் வாயின் வழவழப்பு குறைந்து உண்டாகும் உணர்வு அது. மல்லிகை, ரோஜா, பெர்கமாட் என்னும் எலுமிச்சை இனப் பழம் ஆகியவற்றின் மணங்கள் எல்லாம் முழுக்க முழுக்க மூக்கின் பாற்பட்டவை. விழுங்கும்போது தொண்டையின் பின்வழியாக மேலேறும் காற்றுதான் அவற்றை மூக்கினுள் கொண்டு சேர்க்கிறது. மூக்கை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு குடித்து விழுங்கிப் பாருங்கள். இளஞ்சூடும் லேசான கசப்பும் மட்டுமே தெரியும். பிடியை விட்டு மூச்சை வெளியே விட்ட கணமே பூ மலர்வது போல மணம் எழும். இதை ஒருமுறை செய்து பார்த்தவர்கள், குடித்த பிறகு மூக்கின் வழியாக மெதுவாக மூச்சை விடும் பழக்கத்துக்குத் தாமாகவே வந்துவிடுவார்கள்.

தேயிலை ஊறும் நேரம் முழுவதும் பாத்திரத்தை மூடி வையுங்கள். மூடாவிட்டால், அடுத்த அறையில் இருப்பவருக்கு மணம் சேரும், உங்கள் கோப்பைக்குச் சேராது. மூடியைத் திறந்ததும் அதன் உட்புறத்தை முகர்ந்து பாருங்கள். மணத்தின் முழு வடிவமும் அங்கேதான் தெளிவாகக் கிடைக்கும். பிறகு, வாய் பொறுக்காத சூட்டில் குடிக்காதீர்கள். 65 டிகிரிக்கு மேற்பட்ட மிகச் சூடான பானங்களை, புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. உடல்நலக் காரணம் ஒருபுறம் இருக்க, நாக்கு சுடும்போது நுண்ணிய மணங்களைப் பிரித்தறிய முடிவதும் இல்லை.

இவ்வளவும் செய்த பிறகும் கசப்பும் வெறும் வாசனையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே நின்றால், அப்போது தேயிலையைச் சந்தேகிக்கலாம். மணமூட்டிய தேநீரின் தரத்தை முடிவு செய்வது அடியில் இருக்கும் தேயிலைதான் என்பது என் உறுதியான கருத்து. மட்டமான இலையின் குறையை எந்தப் பூவாலும் நெடுநேரம் மறைக்க முடியாது. தேநீர் ஆறியவுடன் அது வெளிப்பட்டுவிடும்.

கேள்வி: பூவிதழ்கள் அதிகமாகக் கலந்திருக்கும் மல்லிகைத் தேயிலைதான் உயர்ந்ததா?

பதில்: இதழ்களை வைத்துத் தரத்தை எடை போட முடியாது. மல்லிகைத் தேநீருக்குப் பெயர்பெற்ற இடம், சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில் உள்ள ஃபூச்சோ நகரம். அங்குள்ள மல்லிகை, தேயிலைப் பண்பாட்டு முறையை ஐக்கிய நாடுகள் சபையின் உணவு வேளாண்மை அமைப்பு 2014-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அங்கீகரித்தது. வசந்த காலத்தில் பறித்துப் பதப்படுத்திய தேயிலையை, மல்லிகை நன்கு பூக்கும் கோடைக்காலம் வரை காத்து வைத்திருப்பார்கள். மறுநாள் அல்ல, அன்றிரவே மலரக்கூடிய முதிர்ந்த மொட்டுகளைப் பகலில் பார்த்துப் பார்த்துப் பறிப்பார்கள். இரவில் மொட்டுகள் வாய் திறக்கத் தொடங்கும் வேளையில் அவற்றைத் தேயிலையோடு கலந்து குவித்து வைப்பார்கள். உலர்ந்த இலை, பூவின் ஈரத்தையும் மணத்தையும் ஒருசேர உறிஞ்சிக்கொள்ளும். குவியலின் உள்ளே சூடு ஏறிவிடும் என்பதால் இடையில் அதைக் கலைத்து ஆற்றி, மீண்டும் குவிக்க வேண்டும். பொழுது விடிந்ததும் வாடிய பூக்களைச் சலித்து எடுத்துவிட்டு, ஈரம் ஏறிய இலையை மறுபடி உலர்த்துவார்கள். உயர்ந்த வகைகளுக்கு இந்த முழு வேலையையும் புதிய மொட்டுகளைக் கொண்டு ஐந்து, ஆறு முறை, அதற்கு மேலும் கூடச் செய்வதுண்டு.

ஆக, மணத்தைக் கொடுத்து முடித்த பூவில் எஞ்சியிருப்பது மிகக் குறைவு. நேர்த்தியான மல்லிகைத் தேயிலையில் பல நேரங்களில் ஓர் இதழ் கூட இருக்காது. அதே சமயம், சிச்சுவான் பகுதியில் கோப்பையில் வெண்ணிற இதழ்கள் மிதக்க வேண்டும் என்பதற்காகவே அவற்றை விட்டுவைக்கும் நல்ல வகைகளும் உண்டு. ஆகவே இரண்டாம் முறை நீர் ஊற்றிப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. பூவோடு சேர்த்து வைத்து மணமேற்றிய இலை, இரண்டாம் நீரிலும் மூன்றாம் நீரிலும் மணக்கும். மேலே வாசனைத் தைலம் தெளித்த இலை முதல் நீரிலேயே பெரும்பாலானதைக் கொட்டிவிடும்.

கேள்வி: அப்படியானால் வீட்டிலேயே தேயிலைக்குப் பூ மணம் ஏற்ற முடியுமா?

பதில்: முடியும், சிறிய அளவில். பூச்சிமருந்து தெளிக்காமல் வளர்த்த செடியின் மல்லிகை மொட்டு கிடைத்தால் மட்டுமே இதில் இறங்குங்கள். அலங்காரத்துக்காக விற்கப்படும் பூக்களில், உண்பதற்கு ஏற்காத மருந்துகள் தெளிக்கப்பட்டிருக்கலாம். மொட்டுகளில் நீர்த்துளி இருக்கக் கூடாது. அதிக வாசனை இல்லாத, மென்மையான பச்சைத் தேயிலை 50 கிராமுக்கு அதன் பாதி எடையளவு மொட்டு போதும். மாலையில், கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்தில் ஓர் அடுக்குத் தேயிலை, ஓர் அடுக்கு மொட்டு எனப் பரப்பி மூடிவைத்து, காலையில் ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்துவிடுங்கள். இலையைத் தொட்டால் சற்றுத் துவண்டு, ஈரம் ஏறியது விரலுக்குத் தெரியும். அந்த நிலையிலேயே டப்பாவில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். கை வைத்தால் பொறுக்கக்கூடிய சூட்டில் அகன்ற தட்டிலோ வாணலியிலோ பரப்பி, ஓர் இலையை ஒடித்தால் மொறுக்கென்று உடையும் வரை உலர்த்துங்கள். சூட்டை அதிகமாக்கினால், இரவெல்லாம் ஏறிய மணம் சில நிமிடங்களில் பறந்துவிடும். இப்படிச் செய்த தேயிலையைச் சில வாரங்களுக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

வாசனைத் தைலத்தைச் சில துளிகள் தேநீரில் விடலாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. தைலம் நீரில் கரையாமல் மேலே மிதக்கும். செறிவு மிக்க அந்தத் துளி நேராக வாய்க்குள் செல்லும். உண்ணத் தகுந்தது என்று உறுதியாகத் தெரியாத எந்தப் பூவையும் தேநீரில் சேர்க்காதீர்கள். அரளி போன்ற கொடிய நஞ்சுள்ள பூக்களும் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கின்றன.

கேள்வி: செம்பருத்தித் தேநீர் என்று வாங்கியது நல்ல சிவப்பாகவும் புளிப்பாகவும் இருக்கிறது. வீட்டுச் செம்பருத்திப் பூவை உலர்த்திப் போட்டால் அந்தப் புளிப்பே வரவில்லையே?

பதில்: அவை வேறு வேறு செடிகள். கடைத் தேநீரில் இருப்பது, செம்பருத்தியின் உறவினமான, புளிச்சக்கீரை வகையைச் சேர்ந்த ரோசெல் செடியின் சதைப்பற்றுள்ள புல்லிவட்டம். பூ உதிர்ந்த பிறகு காயைச் சூழ்ந்து நிற்கும் பகுதி அது. அதில் உள்ள கரிம அமிலங்களே புளிப்புக்குக் காரணம். செம்பருத்தி இதழ் நிறம் தரும், புளிப்பைத் தராது. ரோசெலுக்குக் கொதிநீரும் ஐந்து முதல் ஏழு நிமிடமும் தேவை. அதில் பால் சேர்த்தால் திரிந்துவிடும். இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுத்துக்கொள்பவர்கள், ரோசெலும் அழுத்தத்தைக் குறைக்கக்கூடியது என்பதால், அதை அன்றாடம் குடிக்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

கேள்வி: சங்குப்பூத் தேநீரில் நிறம் இருக்கிறது, மணமே இல்லை. பழைய சரக்கா?

பதில்: இல்லை, அதன் இயல்பே அதுதான். ஆந்தோசயனின் நிறமிகளால் நீலமாகத் தெரியும். எலுமிச்சைச் சாறு சில துளிகள் விட்டால் ஊதாவாக மாறும். மணம் வேண்டுமென்றால் எலுமிச்சைப் புல்லையோ உலர்ந்த ரோஜா இதழையோ துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏர்ல் கிரே தேநீரின் மணம் எதிலிருந்து வருகிறது? அதில் பால் சேர்க்கலாமா?

பதில்: பெர்கமாட் என்னும் எலுமிச்சை இனப் பழத்தின் தோலிலிருந்து பிழிந்தெடுக்கும் எண்ணெயே அந்த மணத்துக்கு மூலம். உலகின் பெர்கமாட்டில் பெரும்பகுதி இத்தாலியின் தென்முனையில் உள்ள கலாப்ரியாவில் விளைகிறது. அந்த எண்ணெயில் உள்ள லினலூல் என்னும் மணப்பொருள் தேயிலையிலும் இயற்கையாகவே உண்டு. கருந்தேயிலையோடு பெர்கமாட் இவ்வளவு இயல்பாகப் பொருந்துவதற்கு அது ஒரு காரணம் என்று கருதுகிறேன். லாவெண்டரிலும் லினலூல் மிகுதி. ஆனால் லாவெண்டர் சிறிது கூடிவிட்டாலும் சோப்பை நினைவூட்டும் என்பதால், கோப்பைக்கு ஒரு சிட்டிகையைத் தாண்ட வேண்டாம்.

பாலில் உள்ள புரதம் துவர்ப்பைக் கட்டுப்படுத்தும். கொழுப்போ மணப்பொருள்களைத் தன்னிடம் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே திடமான கருந்தேயிலையில் ஏறிய பெர்கமாட்டும் ரோஜாவும் சிறிது பாலைத் தாங்கும். மல்லிகைப் பச்சைத் தேநீர் தாங்காது. எதுவாயினும் முதல் நான்கைந்து மிடறுகளைப் பாலும் சர்க்கரையும் இல்லாமல் குடித்துவிட்டு, அதன் பின் முடிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். சேர்க்க வேண்டிய தேவையே எழவில்லை என்பதைப் பலர் அப்போதுதான் உணர்கிறார்கள்.

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து சில வகைகளை ஒப்பிட்டுச் சுவைக்க விரும்புகிறோம். தொழில்முறைச் சுவைஞர்களின் முறையைப் பின்பற்ற வேண்டுமா?

பதில்: அதிலிருந்து ஒழுங்கை எடுத்துக்கொள்ளுங்கள், அளவுகளை விட்டுவிடுங்கள். ஐ.எஸ்.ஓ. 3103 என்னும் பன்னாட்டுத் தரநிலை 1980-இல் முதன்முதலாக வெளியானது. 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் என்பது அதன் விதி. தேயிலைகளைச் சமமான நிலையில் வைத்து ஒப்பிடுவதே அதன் நோக்கம். இனிமையான கோப்பை ஒன்றைத் தருவது அதன் நோக்கமன்று. நீங்கள் பின்பற்ற வேண்டியது, ஒரே எடை, ஒரே நீர், ஒரே நேரம், ஒரே மாதிரியான வெள்ளைக் கோப்பை என்ற சமநிலையைத்தான்.

முதலில், மணம் ஏதும் சேர்க்காத தேயிலை ஒன்றைக் குடியுங்கள். அது நாவுக்கு அளவுகோலாக இருக்கும். பிறகு மென்மையான மல்லிகையிலிருந்து தொடங்கி, ரோஜா, பெர்கமாட் என்று அழுத்தமானவற்றுக்குச் செல்லுங்கள். புளிப்பான ரோசெலை இறுதியில் வையுங்கள், ஏனென்றால் அதன் பின் வரும் எதுவும் சப்பென்றிருக்கும். உலர்ந்த இலை, நனைந்த இலை, வடித்த நீர் என மூன்றையும் தனித்தனியே முகர வேண்டும். கரண்டியில் எடுத்து, சத்தம் வரும்படி காற்றோடு சேர்த்து உறிஞ்சுவதற்குக் கூச்சப்பட வேண்டாம். அப்படி உறிஞ்சும்போதுதான் தேநீர் நுண்துளிகளாகச் சிதறி மணம் மூக்குக்கு ஏறுகிறது. அன்று யாரும் வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு தேநீரையும் சூடாக ஒருமுறையும், இளஞ்சூட்டில் ஒருமுறையும், முற்றிலும் ஆறிய பிறகு ஒருமுறையும் சுவையுங்கள். மூன்றாவது மிடறில் எது இனிமையாக இருக்கிறதோ, அதை நம்பி வாங்கலாம். எழுதிக்கொள்ளும்போது ‘நன்று’, ‘பரவாயில்லை’ என்று நிறுத்திக்கொள்ளாமல், மணம் எப்போது வந்தது, எவ்வளவு நேரம் தங்கியது, தொண்டையில் எஞ்சியது இனிப்பா கசப்பா என்பதைக் குறியுங்கள்.

கேள்வி: மலர்த் தேநீரில் காஃபீன் இருக்குமா? இரவில் குடிக்கலாமா?

பதில்: தேயிலை இருந்தால் காஃபீன் இருக்கும். மல்லிகைத் தேநீரும் ஏர்ல் கிரேயும் அந்த வகை. சீமைச்சாமந்தி, ரோசெல், சங்குப்பூ ஆகியவற்றை மட்டும் ஊறவைத்துக் குடித்தால் காஃபீன் இல்லை. கருவுற்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் காஃபீன் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கூறும் வரம்பு. கருவுற்றிருப்பவர்கள், காஃபீன் இல்லை என்பதற்காக மூலிகை மலர்களைத் தாராளமாகக் குடிக்காமல் மருத்துவரைக் கேட்பது அவசியம். சாமந்திக் குடும்பத்து மகரந்தம் ஒவ்வாதவர்கள் சீமைச்சாமந்தியைத் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: இந்த வகைகளை எப்படிச் சேமிப்பது?

பதில்: ஒவ்வொன்றையும் தனித்தனியே, காற்றுப் புகாத, ஒளி படாத டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். தேயிலை அருகில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். மல்லிகையை ஏற்கும் அதே குணம்தான் மசாலாப் பொருளின் நெடியையும் ஏற்கிறது. பெர்கமாட் தேயிலை இருந்த டப்பாவை வேறு தேயிலைக்குப் பயன்படுத்தாதீர்கள். திறந்த பொட்டலத்தை ஆறு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

கேள்வி: ஒருமுறை வடித்த மல்லிகை இலையை மாலையில் மறுபடி பயன்படுத்தலாமா?

பதில்: அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் என்றால் தாராளமாக. முதல் முறையைவிட அரை நிமிடம் கூடுதலாக ஊறவிடுங்கள். காலையில் வடித்த ஈர இலையை மாலை வரை வெளியே வைத்திருப்பது நல்லதன்று. அதில் கிருமிகள் பெருகலாம். மாலையிலும் மல்லிகை வேண்டுமென்றால், காலையிலேயே ஒரு லிட்டர் குளிர்ந்த நீருக்கு 10 கிராம் புதிய இலையைப் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கசப்பு மிகக் குறைந்த, மணம் குலையாத தேநீர் கிடைக்கும். வடிகட்டி, அடுத்த நாளுக்குள் குடித்துவிடலாம்.