உப்புவெளியில் ஒரு எஸ்டிஐ: வாங்கலாமா, விடலாமா?

வாசகர் கேள்வி: கட்டாரில் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். வீடு திருகோணமலை உப்புவெளியில், கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை. கொழும்பில் 2008ஆம் ஆண்டு சுபாரு இம்ப்ரேசா எஸ்டிஐ ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஜப்பான் இறக்குமதி, 110,000 கிலோமீற்றர் ஓடியது. சின்ன வயதிலிருந்தே இந்தக் காரில் ஆசை. அப்பாவோ “கடற்கரையில் கொண்டுவந்து கறள் பிடிக்க விடவா இவ்வளவு காசு?” என்கிறார். உப்புக்காற்றில் இது தாங்குமா? எங்கள் பெற்றோல் இதற்குப் போதுமா? 70க்கு மேல் ஓட முடியாத றோட்டில் இதனால் என்ன சந்தோஷம்? வருடத்தில் இரண்டு மூன்று மாதம் நான் வெளிநாட்டில் இருப்பேன் என்பதையும் கவனத்தில் எடுங்கள்.

பதில்: வாங்கலாம். ஆனால் அப்பா பயப்படுவது கடலுக்கு. நான் முதலில் பயப்படுவது பெற்றோலுக்கு. கறள் மெதுவாகத்தான் வரும், கண்ணுக்கும் தெரியும். தவறான பெற்றோலோ ஒரே பின்னேரத்தில் எஞ்சினை முடித்துவிடும்.

நீங்கள் சொல்லும் காரில் இருப்பது 2 லீற்றர் டர்போ எஞ்சின். 308 குதிரைவலு, ஆறு கியர், நான்கு சில்லுக்கும் இழுவை. ஜப்பானில் விற்பதற்காகச் செய்யப்பட்ட இந்த எஞ்சின், அங்கே பெற்றோல் செட்டுகளில் கிடைக்கும் 100 ஒக்டேன் பெற்றோலை நம்பிச் சரிசெய்யப்பட்டது. நமக்குப் பொதுவாகக் கிடைப்பது 92, 95. ஒக்டேன் என்பது பெற்றோலின் சக்தியைக் குறிக்கும் இலக்கம் இல்லை. அழுத்தத்தில் தானாகத் தீப்பிடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. டர்போ காற்றைத் திணித்து, பிஸ்டன் மேலே வந்து நசுக்கும்போது, பிளக்கின் தீ பரவி முடிவதற்குள் மூலையில் மிஞ்சிய கலவை தானாக வெடித்துவிட்டால் அதுதான் நொக்கிங். தகரப் பேணிக்குள் சின்னக் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சத்தம் கேட்கும். எஞ்சினில் உள்ள சென்சர் அதைக் கேட்டு, தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளிக் காப்பாற்றப் பார்க்கும். அப்படிப் பின்தள்ளினால் வலு குறையும், புகை போகும் வழியில் சூடு ஏறும். ஓரளவுக்கு மேல் அதனாலும் முடியாது. பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையே உள்ள மெல்லிய வரம்பு உடைந்துவிடும்.

ஆகவே 92 அடிக்கவே கூடாது. வேறு வழியே இல்லாமல் அடித்தே ஆகவேண்டிய நிலை வந்தால் டர்போ விழிக்காத அளவுக்கு மெதுவாக ஓட்டி வீடு சேருங்கள். 95ஐ நிரந்தரமாகப் பாவிக்கப்போகிறீர்கள் என்றால், எஞ்சின் கணினியை 95க்கு ஏற்றபடி மாற்றி எழுதத் தெரிந்த ஒருவரிடம் கொழும்பிலேயே கொடுத்துச் செய்துகொண்டு வாருங்கள். “பவர் கூட்டித் தாறன்” என்பவரிடம் கொடுக்காதீர்கள். உங்களுக்கு வேண்டியவர் குறைத்துத் தருபவர்.

இன்னொன்று, டர்போ திணிக்கும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இந்தக் காரில் எஞ்சினுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பொனற்றில் உள்ள வாய் வழியாக ஓட்டத்தில் வரும் காற்றுத்தான் அதைக் குளிர்விக்கும். ஆடி மாத மத்தியானம் கச்சான் காற்று வீசும்போது நகரச் சந்தியில் பத்து நிமிடம் நின்றால், எஞ்சின் சூடு முழுவதும் அதில் ஏறிவிடும். சிக்னல் விட்டதும் மிதிக்காமல், ஓரிரு நிமிடம் சும்மா ஓடவிட்டுப் பிறகு மிதியுங்கள். மெதுவான வேகத்தில் உயர்ந்த கியரில் போட்டு முழுதாக மிதிப்பது இன்னும் மோசம். கியரை இறக்கிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். பெற்றோல் மிச்சம் பிடிக்க ஐந்தாம் கியரில் உருட்டும் பழக்கம் நம்மவர்களிடம் நிறைய உண்டு. சாதாரண காரில் அது பரவாயில்லை.

இனிக் கடல். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் தானே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். திருகோணமலையில் பெரும்பாலான இரவுகள் அதைத் தாண்டிவிடும். அதாவது மழையே பெய்யாவிட்டாலும் காரின் அடியில் படிந்த உப்பு பெரும்பாலான இரவுகளில் உப்புத்தண்ணீராகிறது. ஐப்பசி தொடக்கம் தை வரை வாடைக்காற்று கடலிலிருந்து நேரே உங்கள் முற்றத்துக்கு வரும். மாரி மழை மேல்பக்கத்தைக் கழுவிவிடும், அடியை யார் கழுவுவது?

நீங்கள்தான் கழுவ வேண்டும், அதுவும் நல்ல தண்ணீரால். உப்புவெளிப் பக்கத்தில் பல வீட்டுக் கிணறுகள் உவர். அந்தத் தண்ணீரை அடித்து வெயிலில் காயவிட்டால் உப்பைக் கழுவவில்லை, பூசுகிறீர்கள். குழாய்த் தண்ணீரைப் பாவியுங்கள். வாரம் ஒருமுறை சில்லு வளைவுகளுக்குள்ளும் அடிப்பகுதியிலும் மெல்லிய வேகத்தில் நிறையத் தண்ணீர் விட்டால் போதும். ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள ஏசி கண்டென்சரின் தகடுகளையும் கவனியுங்கள். வெள்ளை மாவு பூத்திருந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கிவிட்டது. பிரஷர் கன்னை அதற்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள், தகடுகள் மடிந்துவிடும். சேர்விஸ் நிலையத்தில் அடிப்பகுதிக்குப் பழைய ஒயிலோ டீசலோ அடித்துத் தரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது புஷ் றப்பர்களை ஊதவைக்கும், மண்ணையும் ஒட்டவைக்கும். கறள் தடுக்கும் மெழுகுப்பூச்சு தனியாகக் கிடைக்கிறது, அதை நன்றாகக் காய்ந்த அடிப்பகுதியில் அடிப்பியுங்கள்.

நிறுத்தும் இடம்: கூரை வேண்டும், கடல் பக்கம் ஒரு சுவர் வேண்டும், கீழே சீமெந்துத் தரை வேண்டும், மற்றப் பக்கங்களால் காற்று ஓடவேண்டும். கடற்கரை மணலில் அல்லது புல்லில் நிறுத்தினால் கீழிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுவது காரைப் புழுக்கத்தில் அடைப்பது. காற்றில் அது ஆடும்போது உள்ளே சிக்கிய மணல் பெயின்ரைத் தேய்த்துவிடும். கழுவியதும் ஒரு சுற்று ஓட்டி பிறேக்கைக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள். நாட்கணக்கில் நிற்பதென்றால் கைப்பிறேக்கை இழுக்காமல், கியரில் போட்டு சில்லுக்கு முட்டுக்கட்டை வையுங்கள், இல்லாவிட்டால் பிறேக் பிடித்துக்கொள்ளும். டிஸ்கில் இரண்டு நாளில் தெரியும் செம்மஞ்சள் படையைக் கண்டு பதற வேண்டாம். நாலைந்து முறை பிறேக் பிடித்தால் போய்விடும். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், அதன் கொதிநிலை இறங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள்.

நீங்கள் இல்லாத மாதங்களில் தம்பியோ மச்சானோ “ஒவ்வொரு கிழமையும் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறன்” என்பார். அந்த உதவி வேண்டாம். நின்ற இடத்தில் பத்து நிமிடம் இரையவிட்டால் ஒயில் சரியாகச் சூடாகாது. எரிந்ததில் வந்த நீர் சைலன்சருக்குள்ளேயே தங்கி உள்ளிருந்து அரிக்கும். நம்பிக்கையான ஒருவர் வாரம் ஒருமுறை அரை மணித்தியாலம் ஓட்டவேண்டும். அப்படி ஆள் இல்லையென்றால் தாங்கியை நிரப்பி, பற்றரி நெகற்றிவைக் கழற்றி, டயருக்குக் காற்றைக் கொஞ்சம் கூட்டி விட்டுவிட்டுப் போவது மேல்.

ஒயில் மட்டத்தை இரண்டு தடவை பெற்றோல் அடிப்பதற்குள் ஒருமுறையாவது பாருங்கள். இந்த எஞ்சின் கொஞ்சம் ஒயில் குடிப்பது வழக்கம். குறைந்த ஒயிலோடு வேகமாக வளைத்தால் பெயாரிங் போகும். ஒயில் அளக்கும் குச்சியின் இரு பக்கமும் வேறு வேறு மட்டம் காட்டும். காரைச் சமதரையில் சற்று நேரம் நிற்கவிட்டுப் பார்த்து, குறைவாகக் காட்டும் பக்கத்தையே நம்புங்கள்.

டயர் விஷயத்தில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. நான்கு சில்லும் இழுக்கும் கார் என்பதால் நான்கு டயரும் ஒரே கம்பனி, ஒரே மாதிரி, கிட்டத்தட்ட ஒரே தேய்மானமாக இருக்கவேண்டும். ஒன்று சுற்றளவில் குறைந்தாலும், முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் வலுவைப் பங்கிடும் நடு டிஃபரென்ஷியல் ஓயாமல் வேலை செய்து சூடாகும். 245/40 பதினெட்டு அங்குல டயரை நம்மூர்க் கடையில் எதிர்பார்க்க வேண்டாம். ஆகவே நான்கு வாங்கும்போது ஐந்தாவதையும் சேர்த்து வாங்குங்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பழைய டயர் மாரி மழையில் பிடிக்காது.

சந்தோஷம் பற்றிக் கேட்டீர்கள். ஊருக்குள் 50, வெளியே 70, அதிவேக நெடுஞ்சாலையில் 100 என்பது சட்டம். இந்தக் கார் மூன்றாம் கியரிலேயே இவை எல்லாவற்றையும் தாண்டிவிடும். மேல்வேகத்துக்காக வாங்குகிறீர்கள் என்றால் காசு வீண். ஆனால் காலையில் வெளிக்கிட்டு, நிலாவெளி தாண்டி, இறக்கக்கண்டிப் பாலம் கடந்து குச்சவெளிப் பக்கம் போய்ப் பாருங்கள். இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாறும்போது கையில் விழும் அந்தக் கெட்டியான ‘டக்’, ஸ்டியரிங்கில் றோட்டின் ஒவ்வொரு ஒட்டும் தெரிவது, இதெல்லாம் 60இலும் கிடைக்கும். மணல் காற்றில் வந்து தாரில் படிந்திருக்கும், மீன் பெட்டியோடு மோட்டார் சைக்கிள்கள் வரும், அதை மறக்காதீர்கள். நகரத்துக்குள் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் எந்த நேரமும் குறுக்கே நடக்கும். இரவில் மாடுகள் தார்ச்சூட்டுக்கு நடுறோட்டிலேயே படுத்திருக்கும். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே பொழுதுபட்டால் யானை. ஆகவே கொழும்புப் பயணத்தை விடியலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முழு வேகமும் பார்க்கவேண்டும் என்றால் களுத்துறை கட்டுக்குருந்த போன்ற ஓட்டப்பாதைகள் உண்டு. சைலன்சரை மாற்றி ஊரை எழுப்புவதில் எனக்கு மரியாதை இல்லை, பொலிசுக்கும் இல்லை.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், டர்போ இல்லாத 1.6 லீற்றர், 136 குதிரைவலு, ஏறத்தாழ ஒரு தொன். எஸ்டிஐயோ ஒன்றரைத் தொன். நம்மூர் றோட்டில் ஸ்விஃப்டை முழுதாகப் பிழிந்து ஓட்டலாம், டயரும் மலிவு, நம்மூர் பாஸ்மாரே பெரும்பாலான வேலையைப் பார்த்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் உப்புவெளிக்கு அதுதான் புத்தியான கார். ஆனால் சின்ன வயது ஆசையென்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கு நான் எதிர்வாதம் வைக்கப் போவதில்லை.

எஸ்டிஐதான் என்றால், கையெழுத்துக்கு முன் மூன்று வேலை. இலங்கையில் எஞ்சின் மாற்றிய எஸ்டிஐகள் ஓடுகின்றன. எஞ்சின் இலக்கமும் சேசிஸ் இலக்கமும் வாகனப் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகிறதா என்று நீங்களே படுத்துப் பாருங்கள். இரண்டாவது, நான்கு சிலிண்டரிலும் கம்பிரஷன் சோதனை, அதாவது உள்ளே எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளப்பது. அளவு உயர்வாக இருப்பதைவிட நான்கும் ஒத்துப்போவதுதான் முக்கியம், ஒன்று மட்டும் விழுந்திருந்தால் திரும்பி வாருங்கள். மூன்றாவது, வால்வுகளையும் பிஸ்டனையும் ஒத்து ஓடவைக்கும் டைமிங் பெல்ட். 100,000 கிலோமீற்றரில் மாற்றவேண்டியது. இந்த எஞ்சினில் அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் அடித்து வளையும். “மாத்தினது அண்ணை” என்ற வாய்வார்த்தை போதாது, திகதியும் மீற்றர் அளவும் எழுதிய பில் வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஏறிய விலையை விற்பவர்கள் இன்னும் மறக்கவில்லை. பில் இல்லையா? பெல்ட், டென்ஷனர், உருளைகள், வோட்டர் பம்ப் எல்லாவற்றுக்கும் கூலியோடு ஒரு மதிப்பீடு எழுதி வாங்கி, அந்தத் தொகையை அவர் கேட்கும் விலையில் கழித்துச் சொல்லுங்கள். அந்த வேலையைக் கொழும்பிலேயே முடித்துவிட்டுத்தான் காரைத் திருகோணமலைக்கு ஓட்டி வரவேண்டும்.