மலைத்தேன், பிடிபட்ட வண்டி, முன்தேதியிட்ட கடிதம்

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறேன். சாமராஜநகர் மாவட்டத்தில், சரணாலயத்துக்குள் உள்ள ஒரு சோலிகர் பழங்குடிப் போடுவிலிருந்து (போடு என்றால் அவர்கள் குடியிருப்பு) நாலு வருடமாக மலைத்தேன் வாங்கி அபார்ட்மென்ட்களில் விற்கிறேன். மற்ற வியாபாரிகளைவிட இரண்டு மடங்கு விலை கொடுக்கிறேன். போடுவுக்குச் சமூக வன உரிமைப் பட்டயம் இருக்கிறது, அதில் தேனும் எழுதியிருக்கிறது. போன மே மாதம் ஆறு கேன் தேனோடு என் டாடா ஏஸைச் சோதனைச்சாவடியில் பிடித்துக்கொண்டார்கள். 'தமிழ்க்காரனுக்கு இங்கே என்ன வேலை' என்று நாலு பேர் முன்னால் கேட்டார்கள். என் அம்மா இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை. போடுவின் வன உரிமைக் குழுச் செயலாளர், எனக்கு அனுமதி கொடுத்திருந்ததாக ஏப்ரல் தேதி போட்டு இப்போது ஒரு கடிதம் தந்திருக்கிறார். அதை வைத்து ஹைகோர்ட்டுக்குப் போய் அந்த மக்களின் உரிமையை நிலைநாட்டலாமா? பணம் கட்டி முடித்துக்கொண்டால் திருடன் என்று ஒப்புக்கொண்டது ஆகாதா?

பதில்: சோதனைச்சாவடியில் யார் என்ன பேசினார்கள், எவ்வளவு நேரம் வெயிலில் நிற்க வைத்தார்கள், போட்டுக்கொடுத்தது எந்த வியாபாரி என்பதெல்லாம் வீட்டில் சொல்லி ஆறிக்கொள்ள வேண்டிய சங்கதி. இரண்டு மடங்கு விலை கொடுத்தது நல்ல காரியம். வழக்கில் அதற்கு இடமில்லை. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் நகலையும் இணைத்திருக்கிறீர்கள். பாட்டிலுக்குள் இருப்பது சுத்தமா என்பதற்கு அது போதும். காட்டிலிருந்து எப்படி வெளியே வந்தது என்று கேட்டால் அது வாய் திறக்காது.

பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. வண்டி கிளம்பிய அன்று, கிராம சபை அதிகாரம் கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட போக்குவரத்துச் சீட்டு, அதாவது வனப் பொருளை ஏற்றிப்போகும் அனுமதி, வண்டியில் இருந்ததா? இல்லை.

சட்டம் உங்கள் பக்கம் என்று நீங்கள் நம்பியதில் தப்பில்லை. 2006 வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூலின் மேல் காட்டுவாசிகளுக்குச் சொந்தம் கொண்டாடும் உரிமையே கொடுக்கிறது. தேனும் மெழுகும் அந்த விளக்கத்திலேயே பெயரோடு இருக்கின்றன. 2012-ல் விதிகளைத் திருத்தி, விற்பது, பக்குவப்படுத்துவது, காட்டுக்கு வெளியே ஏற்றிப்போவது எல்லாம் இந்த உரிமைக்குள் அடக்கம், ராயல்டியோ கட்டணமோ வாங்கக் கூடாது என்றும் சேர்த்தார்கள். அதே மாவட்டத்துப் பிலிகிரி ரங்கன மலை புலிகள் காப்பகம் ஆன அதே 2011-ல்தான் அங்குள்ள சோலிகர்களுக்குச் சமூக உரிமைப் பட்டயமும் கிடைத்தது. ஆகவே சரணாலயம் என்ற ஒரே காரணத்துக்காக அந்தத் தேன் திருட்டுத் தேன் ஆகிவிடாது.

ஆனால் அந்த விதி யாருடைய விற்பனையைச் சொல்கிறது? சேகரிப்பவர்கள், அல்லது அவர்களுடைய கூட்டுறவு, சங்கம், கூட்டமைப்பு. நீங்கள் ராமமூர்த்தி நகரில் இருந்து வாங்கிப்போகிறவர். உரிமை மலையிலேயே நின்றுவிடுகிறது. உங்களோடு இறங்கி வரக்கூடியது சீட்டு மட்டும்.

இனி அந்தக் கடிதம். எனக்குப் பயமே அதுதான். முதலில், கையெழுத்துப் போட்ட ஆள் தப்பு. வன உரிமைக் குழுவின் வேலை உரிமை கோரும் மனுக்களைச் சரிபார்ப்பது. சீட்டு கொடுப்பது விதி 4(1)(இ)-ன்படி கிராம சபை அமைக்கும் காடு பராமரிப்புக் குழு, அல்லது சபை தீர்மானம் போட்டு நியமித்த ஒருவர். இரண்டும் ஒன்று என்று நினைத்து வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பல ஊரில் இரண்டாவது குழுவை அமைத்திருக்கவே மாட்டார்கள். சபைத் தீர்மானம் என்றால் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும், தீர்மானத்தை நோட்டில் எழுதி வந்தவர்கள் கையெழுத்தும் வாங்கியிருப்பார்கள். ஏப்ரலில் அப்படி ஒரு கூட்டம் நடந்ததா? நடக்காத கூட்டத்துக்கு இப்போது நோட்டில் இடம் தேட ஆரம்பித்தால் செயலாளரோடு ரேகை வைத்த பாட்டிகளும் மாட்டுவார்கள்.

அடுத்தது தேதி. வண்டியைப் பிடித்தபோது எழுதிய மகஜரை, அதாவது பறிமுதல் பதிவை, அனுப்பியிருந்தீர்கள்; அதன் இரண்டாம் பக்கத்தைப் பார்த்தேன். 'பர்மிட் கேட்டதற்கு ஏதும் இல்லை என்றார்' என்று கன்னடத்தில் எழுதி, அதற்குக் கீழே நீங்கள் தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். யாரையாவது படித்துக் காட்டச் சொன்னீர்களா என்று கேட்டு இனிப் பயனில்லை. போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. ஆனால் வனத்துறை அதிகாரியைப் போலீஸாகச் சட்டம் பார்ப்பதில்லை, அந்தப் பாதுகாப்பு இங்கே கிடையாது. மே மாதம் 'இல்லை' என்றவர் இப்போது ஏப்ரல் கடிதத்தை நீட்டினால், எதிர்த்தரப்பு வக்கீல் மகஜரையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

சில வருடங்களுக்கு முன் கல்பாசி வியாபாரி ஒருவர் என்னிடம் வந்தார். லோடு பிடிபட்டது காலையில். மாலை நாலு மணிக்கு இ-ஸ்டாம்ப் வாங்கி, போன மாதத் தேதியில் மலைக்காரர்களோடு ஒப்பந்தம் எழுதி, என்னைக் கேட்காமலே தாக்கல் செய்துவிட்டார். இ-ஸ்டாம்ப் தாளின் தலையிலேயே வாங்கிய தேதியும் மணியும் அச்சாகி இருக்கும். சில ஆயிரத்தோடு முடிந்திருக்க வேண்டிய விவகாரம், பொய்ச் சாட்சியம் தயாரித்த குற்றமாக வளர்ந்தது. நீதிமன்ற நடவடிக்கையில் பயன்படுத்துவதற்காக என்றால் அதற்கு ஏழு வருடம் வரை தண்டனை உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மூன்று மலைக்காரர்கள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தார்கள். உங்கள் கடிதத்தை எங்கும் தாக்கல் செய்யாதீர்கள்.

குடும்பவாரியாக முன்பணம் எழுதிய நோட்டையும் ஆதாரமாகக் காட்டலாம் என்கிறீர்கள். வேண்டாம். 'தேனை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது' என்று நீங்களே அதில் எழுதி வைத்திருக்கிறீர்கள். பழங்குடியினர் தங்கள் வன உரிமையை அனுபவிக்க இடைஞ்சல் செய்வது 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைச் சட்டத்தில் குற்றம். அந்தச் சட்டத்தில் முன்ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. உங்கள் மனதில் அப்படி எண்ணம் இல்லை என்று நான் நம்புகிறேன். நோட்டைப் படிப்பவர் நான் அல்ல.

ஹைகோர்ட் யோசனையை விடுங்கள். போடுவின் உரிமைக்காக நீங்கள் ரிட் போட்டால், 'உங்களுக்கு என்ன பாத்தியதை' என்பதுதான் முதல் கேள்வி. தோற்றால் பெயர் உங்களுடையது, கெடுதல் அவர்களுக்கு. போடு மக்களே போடட்டும், அவர்களுக்குத் தோன்றினால்.

பணம் கட்டி முடித்துக்கொள்ளுங்கள். சில ஆயிரமோ, கொஞ்சம் கூடவோ, இரண்டு மூன்று வருட வாய்தாவையும் மழையில் துருப்பிடிக்கும் வண்டியையும்விட மலிவு. முதலில் எஃப்.ஓ.சி.யில், அதாவது வனத்துறை போட்ட குற்ற வழக்குப் பதிவில், எந்தச் சட்டம் எழுதியிருக்கிறது என்று உங்கள் வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். வனச் சட்டம் மட்டும் என்றால் சுலபம். வனவிலங்குச் சட்டமும் சேர்ந்திருந்தால் சமரசத் தொகையின் உச்சவரம்பு 2022 திருத்தத்தில் 25,000 ரூபாயிலிருந்து 5 லட்சத்துக்கு ஏறிவிட்டது; தொகையைப் பேசிக் குறைக்காமல் தலையாட்டாதீர்கள்.

சமரச மனுவில் 'அரசுக்குச் சொந்தமான வனப் பொருளைக் களவாக எடுத்து' என்பதுபோல ஒரு வரி தயாராக இருந்தாலும் இருக்கும். கையெழுத்துப் போடுமுன் அதை அடிக்கச் சொல்லி, 'போக்குவரத்துச் சீட்டு இல்லாமல் ஏற்றி வந்தேன்' என்று எழுதுங்கள். நடந்தது அதுதான். பழைய வரியில் கையெழுத்துப் போட்டால், பட்டயத்தில் எழுதிய தேன் போடுவுடையது அல்ல என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகும். அடுத்த சீசனில் மரம் ஏறுகிறவனைப் பிடிக்கும்போது அந்தத் தாளைத்தான் எடுப்பார்கள். வரியை மாற்ற மறுத்தால் அன்றைக்குக் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்து வக்கீலைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்த தேன் சீசனுக்கு முன் போடுவில் அந்தக் காடு பராமரிப்புக் குழுவை முறையாக அமைக்கச் சொல்லுங்கள். பில், தேன் சேகரிப்பவர்களின் சங்கத்தின் பெயரில், சீட்டு குழுவின் கையால், லோடு ஏறும் நாளின் தேதியில்.