மொரிஷியஸில் ராணுவமே இல்லையே, பிறகு "பழைய ராணுவக்காரர்" என்பவர் யார்?

கேள்வி நியாயம்தான். 1968-இல் விடுதலை பெற்றதிலிருந்து எங்களுக்கு நிரந்தர ராணுவம் கிடையாது. போலீஸ் கமிஷனருக்குக் கீழே, 1960-இல் தொடங்கிய எஸ்.எம்.எஃப். (ஸ்பெஷல் மொபைல் ஃபோர்ஸ்) என்ற படைப்பிரிவு இருக்கிறது, தலைமையகம் வாக்வா நகரில். ஓய்வு பெறும்வரை நான் அதில்தான் இருந்தேன். சீருடை, அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி எல்லாம் ராணுவ பாணி, ஆனால் நாங்கள் போலீஸ்.

சண்டைக் கதை கேட்டால் ஏமாந்துபோவீர்கள். எங்களுக்கு எதிரி புயல். 1994 பிப்ரவரியில் ஹொலாண்டா புயல் அடித்து ஓய்ந்ததும் வழியெங்கும் விழுந்த மரங்கள், மின்கம்பிகள். கம்பியில் மின்சாரம் இல்லை என்று உறுதியாகும்வரை ரம்பத்தைத் தொடக்கூடாது. முதலில் கிளைகளைக் கழிப்போம், அப்புறம்தான் அடிமரம். வளைந்து கிடப்பதைத் தப்பான பக்கம் அறுத்தால் ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும், இல்லையென்றால் துள்ளி ஆளை அடிக்கும். இதையெல்லாம் எந்த அணிவகுப்பிலும் காட்ட முடியாது!

நிஜப் போரைப் பார்த்தவர்கள் முந்தைய தலைமுறை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பயனியர் படையில் சேர்ந்து வட ஆப்பிரிக்கா, இத்தாலி வரை போனார்கள். பெரும்பாலும் கட்டுமானமும் சுமைவேலையும்தான், ஆனால் குண்டு அதைப் பார்த்தா விழும்?

உங்கள் தாத்தாவைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்றால் பிறந்த வருடத்தைப் பாருங்கள். 1925-க்கு முன் என்றால் பயனியராக இருக்கலாம். 1940-க்குப் பின் என்றால் அநேகமாக எங்கள் ஆள்.