கூட யாரை வைத்துக்கொள்வது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: “நீ அதிகம் பழகும் ஐந்து பேரின் சராசரிதான் நீ” என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். இது உண்மையா? பழைய நண்பர்களைக் கழற்றிவிட வேண்டுமா?

பதில்: ஐந்து பேரைக் கூட்டி வகுத்தால் நீங்கள் வருவீர்கள் என்பதற்கு எந்த அளவீடும் கிடையாது. கைதட்டலுக்கு உதவும் வாக்கியம், அவ்வளவுதான்.

ஆனால் கூட இருப்பவர்கள் நம் தீர்ப்பைச் சாய்க்கிறார்கள் என்பது சோதித்துப் பார்த்த விஷயம். உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் உள்ள மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்டார்கள். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்த மற்ற எல்லோரும் முன்பே பேசிவைத்துக்கொண்டு தப்பான விடையை உரக்கச் சொன்னார்கள். விஷயம் தெரியாமல் வந்து உட்கார்ந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். வேறு ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது, இப்படி வழுக்குவது வெகுவாகக் குறைந்தது.

அதனால் நண்பர்களைக் கழற்றிவிடத் தேவையில்லை. நீங்கள் கடைசியாக எடுத்த மூன்று பெரிய முடிவுகளை எழுதி, ஒவ்வொன்றிலும் “வேண்டாம்” என்று சொன்னவர் யார் என்று பாருங்கள். ஒரு பெயரும் வரவில்லையென்றால், உங்களைச் சுற்றித் தலையாட்டுகிறவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். உங்கள் முடிவால் லாபமோ நஷ்டமோ இல்லாத ஒருவரைத் தேடுங்கள். அவரிடம் கேட்கும் விதமும் முக்கியம். “இது சரியா?” என்றால் “சரி” என்றுதான் வரும். “இது ஆறு மாதத்தில் படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், எதனால் படுத்திருக்கும்?” என்று கேளுங்கள். உங்கள் விருப்பத்தைச் சொல்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோட முடியும் என்கிறார் என் மாமா.

பதில்: முடியாது. ஏமாற்றுக்காரருக்கு நல்ல முகம்தானே முதலீடு!

கேள்வி: பள்ளிக்கால நண்பரும் நானும் சேர்ந்து தொழில் தொடங்கப் போகிறோம். இருபது வருடப் பழக்கம். ஆளுக்குப் பாதிப் பங்கு. ஒப்பந்தம், பத்திரம் என்று பேச்செடுத்தால் நட்பில் விரிசல் விழுமோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: உடம்பு சரியில்லை என்றால் அவர் ஓடி வருவார் என்பதை இருபது வருடப் பழக்கம் சொல்லும். வராத பாக்கியை எப்படிக் கேட்பார், அன்றன்று கணக்கு எழுதுவாரா, கடன் கொடுத்தவர் நெருக்கும்போது என்ன செய்வார் என்பதைச் சொல்லாது. நட்பில் இதையெல்லாம் பார்க்கும் சந்தர்ப்பமே வந்திருக்காது.

எனவே முதலில் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முடிகிற ஒரு சின்ன வேலையைச் சேர்ந்து செய்யுங்கள். உண்மையான வாடிக்கையாளர், உண்மையான கெடு, கைக்கு வரும் பணம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். வேலை தள்ளிப்போகும் என்ற செய்தியைக் கெடுவுக்கு முன் அவராகச் சொன்னாரா, நீங்கள் கேட்டபிறகு சொன்னாரா என்று கவனியுங்கள். எல்லாவற்றிலும் கனமான அடையாளம் இதுதான். பணம் போனால் சம்பாதிக்கலாம், கெட்ட செய்தி தாமதமாக வந்தால் சரிசெய்ய நேரமே இருக்காது. வாடிக்கையாளர் குறை சொன்னபோது “பார்க்கிறோம்” என்றாரா, அல்லது பழியை யார் தலையிலாவது கட்டினாரா? நீங்கள் ஒன்றை மறுத்தபோது வாதாடினாரா, வாயை மூடிக்கொண்டு தன் இஷ்டப்படி செய்தாரா? வாதாடுகிறவரோடு தொழில் செய்யலாம்.

இதில் தேறினால் எழுத்துக்கு வாருங்கள். முதல் நாளே பாதிப் பங்கை முழுசாகக் கொடுக்காதீர்கள், நீங்களும் எடுத்துக்கொள்ளாதீர்கள். புதிய நிறுவனங்களில் பரவலாக இருக்கும் முறை, பங்கு நான்கு வருடத்தில் மாதாமாதம் சேர்ந்துகொண்டே வருவது. முதல் வருடம் முடியும் முன் விலகினால் ஒன்றும் கிடையாது. பாதிப் பங்குக்காரர் 8-வது மாதம் போனால் பூஜ்யம். 18 மாதம் முடித்துப் போனால் தன் பாதியில் 48-இல் 18 பங்கு, அதாவது நிறுவனத்தின் மொத்தத்தில் 18.75 சதவீதம். இந்த ஏற்பாடு இல்லையென்றால் 8-வது மாதம் விலகியவர் பாதிச் சொத்தோடு வீட்டில் இருப்பார், நீங்கள் அவருக்கும் சேர்த்து உழைப்பீர்கள்.

சரிபாதி என்பதே தப்பு என்று சிலர் சொல்வார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. முட்டுக்கட்டை விழுந்தால் என்ன செய்வது என்று எழுதாத சரிபாதிதான் தப்பு. விற்பனையில் கடைசி வார்த்தை ஒருவருக்கு, உற்பத்தியில் மற்றவருக்கு என்று பிரியுங்கள். எந்தத் தொகைக்கு மேல் இரண்டு கையெழுத்தும் வேண்டும் என்று குறியுங்கள். இரண்டு பேரும் ஒப்புக்கொள்ளும் மூன்றாவது ஆளின் பெயரை, சண்டை வருவதற்கு முன்பே எழுதிவையுங்கள். ஒருவர் கூடுதலாகப் போடும் பணம் முதலா, கடனா? மாதச் சம்பளம் யாருக்கு, எப்போதிலிருந்து? விலகுகிறவர் பங்குக்கு விலை போடுவது எப்படி, எத்தனை தவணையில் கொடுப்பது? ஒருவர் இறந்துவிட்டால் வாரிசு தொழிலுக்குள் வரலாமா, பணமாக வாங்கிக்கொள்ள வேண்டுமா? கேட்கக் கஷ்டமான கேள்வி. ஆனால் பின்னால் கேட்பது இன்னும் கஷ்டம்.

ஒன்றை மறக்க வேண்டாம். சாதாரணக் கூட்டுத் தொழிலில், பெரும்பாலான நாடுகளின் சட்டப்படி, தொழிலின் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியின் சொந்தச் சொத்தும் பதில் சொல்ல வேண்டும். அவர் வாங்கிய கடனுக்கு உங்கள் வீட்டைத் தேடி வரலாம். பொறுப்புக்கு வரம்பு உள்ள நிறுவன வடிவம் உங்கள் ஊரில் எது என்று ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். அப்படியே பதிவு செய்தாலும், கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு அங்கே செல்லாது. தொழிலைவிட்டு விலகினாலும், கடன் கொடுத்தவர் எழுத்தில் விடுவிக்கும்வரை அந்தக் கையெழுத்து உங்களைத் துரத்தும்.

விரிசல் பற்றி: “என்மேல் நம்பிக்கை இல்லையா?” என்று ஒரு தடவை முறைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறவரைப் பற்றிக் கவலை வேண்டாம். மூன்று தடவை தேதியைத் தள்ளிப்போடுகிறவர் பதில் சொல்லிவிட்டார்.

கேள்வி: நேர்காணலில் அசத்துகிறவர்களை எடுக்கிறேன். வேலையில் சொதப்புகிறார்கள். எங்கே தப்பு?

பதில்: நீங்கள் அளந்தது பேச்சை. உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1920-இல் ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். ஒரு குணத்தில் நல்ல பெயர் வாங்கியவருக்குச் சம்பந்தமில்லாத குணங்களிலும் மதிப்பெண் கூடியிருந்தது. கம்பீரமாகப் பேசுகிறவர் கணக்கிலும் கெட்டி என்று மனசு தானாக நினைத்துக்கொள்ளும்.

இதை உடைக்க, எல்லோரிடமும் ஒரே ஐந்தாறு கேள்விகளை ஒரே வரிசையில் கேளுங்கள். “செய்வீர்களா?” என்று கேட்காமல் “செய்திருக்கிறீர்களா, எப்படிச் செய்தீர்கள்?” என்று கேளுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் அங்கேயே ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் போடுங்கள். ஐந்து வாங்கும் பதிலில் என்ன இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்திருக்க வேண்டும். நேர்காணலில் இரண்டு பேர் உட்கார்ந்தால், மதிப்பெண் போட்டு முடிக்கும்வரை ஒருவருக்கொருவர் பேசக் கூடாது.

அதன்பிறகு உங்கள் உண்மையான வேலையில் ஒரு துண்டைக் கொடுத்து, ஒன்றிரண்டு மணி நேரம் செய்யச் சொல்லுங்கள். அதற்குக் கூலி கொடுங்கள். கொள்முதல் ஆள் வேண்டுமென்றால், நாற்பது வரி இருப்புப் பட்டியலில் இரண்டு வரி ஒன்றுக்கொன்று முரணாக இருக்கட்டும். அதை வைத்து ஆர்டர் தயாரிக்கச் சொல்லுங்கள். முரணைக் கண்டுபிடித்து வந்து கேட்கிறவரை எடுக்கலாம். கவனிக்காமல் முடித்தவருக்குப் பயிற்சி கொடுக்கலாம். கவனித்தும் தானாக ஒரு எண்ணைப் போட்டு நிரப்பியவர் வேண்டாம்.

பழைய முதலாளியிடம் “ஆள் எப்படி?” என்று விசாரித்தால் “நல்ல பையன்” என்பார். “எந்த வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பீர்கள், எதை இன்னொரு தடவை சரிபார்ப்பீர்கள்? மறுபடி எடுப்பீர்களா?” என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதும் ஒரு பதில். விண்ணப்பித்தவர் இப்போது வேலை செய்யும் இடத்தில் மட்டும் அவர் அனுமதி இல்லாமல் விசாரிக்காதீர்கள், இருக்கிற வேலையும் போய்விடும்.

கேள்வி: எனக்குப் பெரிய ஆட்கள் யாரையும் தெரியாது. நல்ல வழிகாட்டியை எங்கே பிடிப்பது?

பதில்: நெருங்கிய வட்டத்தில் தேடாதீர்கள். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களைக் கேட்டபோது, அடிக்கடி சந்திக்கும் ஆளால் வேலை கிடைத்தது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குத்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கிற ஆள் மூலம் கிடைத்தது. காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

பழைய சக ஊழியர், முன்னாள் ஆசிரியர் என்று ஒரு பட்டியல் எழுதத் தொடங்குங்கள். “எனக்கு வழிகாட்டியாக இருங்கள்” என்று கேட்டால் பயந்துவிடுவார்கள், அது முடிவில்லாத வேலை. இருபது நிமிடம் கேளுங்கள். நீங்கள் யார், இதுவரை என்ன முயன்றீர்கள், எங்கே மாட்டிக்கொண்டீர்கள், ஏன் அவரைக் கேட்கிறீர்கள் என்று ஐந்து வரி போதும். சொன்னதைச் செய்துவிட்டு, இரண்டு மூன்று வாரத்தில் என்ன ஆயிற்று என்று தெரிவியுங்கள். இதைச் செய்கிறவர்கள் குறைவு, அதனாலேயே உங்களை நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

கேள்வி: ஒரு நண்பர் எப்போது பேசினாலும் புலம்பல். போதாக்குறைக்குக் கைமாற்றும் கேட்கிறார். விலகலாமா?

பதில்: ஆறு மாதத்துக்கு முன் அவர் எப்படி இருந்தார்? நன்றாக இருந்தவர் இப்போது இப்படியென்றால் அது கஷ்டகாலம், கூட இருங்கள். எப்போதுமே இப்படித்தான் என்றால், அறிவிப்பு எதுவும் இல்லாமல் அளவைக் குறையுங்கள். தனியாகச் சந்திப்பதைவிட நாலு பேரோடு சந்தியுங்கள், போனை எடுத்தவுடனே “பத்து நிமிஷம் இருக்கு” என்று சொல்லிவிடுங்கள். பணம் திரும்பி வராவிட்டாலும் தாங்கும் தொகையை மட்டும் ஒரு தடவை கொடுங்கள். அது வரும்வரை அடுத்தது இல்லை.

கேள்வி: அக்கா மகனை என் கடையில் வேலைக்கு வைக்கச் சொல்கிறார்கள்.

பதில்: வைக்கலாம், மூன்று நிபந்தனையோடு. அவர் உங்களுக்குக் கீழே நேரடியாக வேலை செய்யக் கூடாது, வேறொருவரிடம் பதில் சொல்ல வேண்டும். அதே வேலை செய்யும் மற்றவருக்கு என்ன சம்பளமோ அதுவே அவருக்கும். மூன்று மாதம் கழித்து அந்த மேற்பார்வையாளர் “சரிவராது” என்றால் அனுப்பிவிடுவோம் என்பதைப் பையனிடம் மட்டும் சொல்லாமல், வேலையில் சேரும் முன் அக்காவையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள்.